ஒன்றே முக்கால் மீட்டர் வயர்: வாசகர் கேள்வி–பதில்

வண்டிகளில் பொருத்தப்படும் மின்னணுக் கருவிகளை மின்காந்த இணக்கச் சோதனைக்கு எவ்வாறு தயார் செய்வது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழுக்காக எடுத்துக்கொண்டுள்ளேன். கருவி வெளியிடும் மின்காந்த இரைச்சல் (உமிழ்வு) ஒரு வரம்புக்குள் இருக்கிறதா, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அந்தக் கருவி தாங்குகிறதா (தாங்குதிறன்) என்ற இரண்டையும் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. ஆய்வகத்தார் சுருக்கமாக இ.எம்.சி. சோதனை என்பார்கள்.

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனம் மின்சார ஸ்கூட்டர்களுக்கு 48 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. சோதனைக்கூடத்தில் எஃப்.எம். அலைவரிசையில் உமிழ்வு வரம்பைத் தாண்டிவிட்டது. பெட்டியின் மூடியைத் தடித்த அலுமினியத்தில் மாற்றி மறுபடியும் கொண்டு போகலாம் என்கிறார் எங்கள் முதலாளி. அது சரியான வழியா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மூடியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். உங்கள் முதலாளியின் எண்ணம் இயல்பானதுதான். இரைச்சல் பெட்டிக்குள் பிறக்கிறது, ஆகவே பெட்டியை இறுக மூடினால் அடங்கிவிடும் என்றே எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி அந்த அலையைக் காற்றில் வீசுவதற்கு மிகவும் சிறியது. சோதனை மேசையில் அதற்கு ஏற்ற நீளத்தில் இருக்கும் பொருள் ஒன்றுதான்: உங்கள் கருவியிலிருந்து புறப்படும் வயரிங் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு.

சிஸ்பர் 25 என்னும் சர்வதேசத் தரநிலை சொல்லும் அமைப்பைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மேசை முழுவதும் உலோகத் தகடு விரித்திருக்கும். அதன் மேல் 50 மில்லிமீட்டர் உயரத்தில், நுரைப் பலகையின் மீது, குறைந்தது 1,700 மில்லிமீட்டரும் அதிகபட்சம் 2,000 மில்லிமீட்டரும் நீளமுள்ள ஹார்னஸ் மேசையின் முன்விளிம்புக்கு இணையாக, விளிம்பிலிருந்து 100 மில்லிமீட்டர் உள்ளே கிடக்கும். அந்த ஹார்னஸிலிருந்து சரியாக 1 மீட்டர் தொலைவில் ஆன்டெனா நிற்கும். தொலைவை அளக்கும்போது கருவியைக் கணக்கில் கொள்ளாமல் ஹார்னஸிலிருந்தே அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வண்டிக்குள் இரைச்சலைப் பரப்புவது பெரும்பாலும் வயர்தான் என்று நெடுங்காலம் அனுபவப்பட்டவர்கள் எழுதிய தரநிலை அது.

இனி, வயரில் இரைச்சல் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். கன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் முனையின் மின்னழுத்தம் 0-க்கும் 48 வோல்ட்டுக்கும் இடையே, 20 நானோ விநாடி போன்ற மிகக் குறுகிய நேரத்தில் தாவுகிறது. அந்த முனையின் செம்புப் பரப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே, யாரும் வைக்காமலேயே, ஒரு சிறு கெப்பாசிட்டர் உருவாகியிருக்கும். அது 20 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தாவலிலும் அதன் வழியே சுமார் 48 மில்லிஆம்பியர் துடிப்பு பாய்கிறது. பாய்ந்த மின்னோட்டம் பிறந்த இடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். பெட்டிக்குள் அதற்குக் குறுக்குவழி இல்லையென்றால், உலோக உறை வழியாகவும் மேசைத் தகடு வழியாகவும் சுற்றிக்கொண்டு, ஹார்னஸில் உள்ள எல்லா வயர்களிலும் ஒரே திசையில் ஓடித் திரும்பும். இதைத்தான் காமன்-மோட் மின்னோட்டம் என்கிறோம். எஃப்.எம். அதிர்வெண்ணில் அது சில மைக்ரோஆம்பியர் இருந்தாலே கடுமையான வரம்புகளில் கருவி தோற்றுவிடும். மில்லிஆம்பியர் கணக்கில் பிறப்பதை மைக்ரோஆம்பியர் கணக்கில் அடக்க வேண்டியிருக்கிறது. மூடியின் தடிமனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இதைச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருளான ஃபெரைட்டில் செய்த, பிளந்து மூடும் வகை வளையம் ஒன்றை எடுத்து, கனெக்டரை ஒட்டி ஹார்னஸ் முழுவதையும் சேர்த்து மாட்டுங்கள். அளவு கணிசமாக இறங்கினால் இரைச்சல் வயர் வழியாகத்தான் வெளியேறுகிறது. கொஞ்சமும் மாறவில்லை என்றால்தான் பெட்டியின் இடுக்குகளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஃபெரைட்டை அப்படியே விட்டுவிட்டு விற்பனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

திருத்தத்தை இரைச்சல் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே நல்லது. சுவிட்ச் முனையின் செம்புப் பரப்பை, வெப்பம் அனுமதிக்கும் அளவுக்குக் குறையுங்கள். மாஸ்ஃபெட்டை இயக்கும் கேட் முனையில் உள்ள மின்தடையைச் சற்றுக் கூட்டினால் தாவலின் வேகம் குறையும். திறன் கொஞ்சம் இறங்கும், வெப்பம் கொஞ்சம் ஏறும், ஆகவே இரண்டையும் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் பிறகு கனெக்டருக்கு மிக அருகில், காமன்-மோட் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருளான காமன்-மோட் சோக்கும், ஒவ்வொரு வயரிலிருந்தும் உலோக உறைக்குச் செல்லும் கெப்பாசிட்டரும் வையுங்கள். அந்தக் கெப்பாசிட்டரை உறையுடன் இணைக்கும் தடத்தின் நீளம் மிக முக்கியம். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று கணக்கிட்டால், 10 மில்லிமீட்டர் தடமே 100 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல் எதிர்ப்புக் காட்டும். சர்க்யூட் வரைபடத்தில் ஒழுங்காகத் தெரியும் இத்தகைய ஃபில்டர், உண்மையான சர்க்யூட் பலகையில் வேலை செய்யாமல் போவதற்கு, நான் கண்டவரை, மிகப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த உறை இணைப்பு குறித்து என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், மேசையில் எடுத்த அளவுகளில் நல்ல இடைவெளியுடன் தேறிய ஒரு கருவி, சேம்பருக்குள், அதாவது வெளி அலைகள் புகாத சோதனை அறைக்குள், போனதும் 15 டெசிபலுக்கு மேல் தாண்டி நின்றது. சர்க்யூட்டை இரண்டு நாள் புரட்டிப் பார்த்தோம். கடைசியில் பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றியபோது, போல்ட் உட்காரும் இடத்தில் வாஷரின் அடியில் பவுடர் கோட்டிங் சிறிதும் உடையாமல் பளபளவென்று இருந்தது. மேசையில் பயன்படுத்தியது பூச்சில்லாத மாதிரி; சேம்பருக்குக் கொண்டு வந்ததோ வர்ணம் அடித்த உற்பத்தி மாதிரி. பிளேடால் ஒரு நாணய அளவுக்குச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கியதும் அளவு பழைய நிலைக்கு இறங்கியது. எனவே உறை இணைப்பு எங்கே வருகிறதோ, அந்த இடத்தை வர்ணம் அடிக்கும்போது மறைத்து வைக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் வர்ணம் அடிப்பவர் மாறும்போது அது மறந்துபோகும்.

கேள்வி: காரில் முகப்பு விளக்கை எல்.இ.டி. பல்பாக மாற்றினேன். அதன் பிறகு விளக்கைப் போட்டால் வானொலி இரைகிறது. சோதனைகள் எல்லாம் இருக்கும்போது இது எப்படிக் கடைக்கு வருகிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதியில் ஒரு சிறு சுவிட்சிங் கன்வெர்ட்டர் இருக்கிறது. மேலே ஓசூர் வாசகருக்குச் சொன்ன அதே கதைதான். நம் நாட்டில் வாகன வகை ஒப்புதலுக்காகப் பின்பற்றப்படும் ஏ.ஐ.எஸ். 004 தரநிலையின் மூன்றாம் பகுதி, ஐக்கிய நாடுகளின் 10-ஆம் எண் ஒழுங்குவிதியை ஒட்டியது. உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அந்தச் சோதனையில் தேறியது. நீங்கள் பின்னர் மாட்டிய பல்பு அந்தச் சோதனையில் பங்கு பெறவில்லை. விளக்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் சேர்த்து, பல்புக்கு மிக அருகில் ஃபெரைட் மாட்டிப் பாருங்கள். தீரவில்லை என்றால் பழைய பல்புக்கே திரும்புவதுதான் என் பரிந்துரை. வானொலி இரைச்சலை வெறும் தொந்தரவாக மட்டும் நினைக்காதீர்கள். அதே வயர்க் கட்டுகளுக்கு அருகே மற்ற சென்சார்களின் வயர்களும் ஓடுகின்றன.

கேள்வி: சோதனைக்கூடத்தின் நாள் கட்டணம் எங்களைப் போன்ற சிறு தொழிற்கூடங்களுக்குப் பெரிய தொகை. சேம்பர் இல்லாமல் எங்கள் பட்டறையிலேயே எதையெல்லாம் அளந்து பார்க்கலாம்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே அளக்கலாம். ஒரு மர மேசை மேல் செம்பு அல்லது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு விரியுங்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் போதும். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள தெர்மாகோல் பலகையை அதன் மேல் வைத்து, சேம்பரில் பயன்படுத்தப்போகும் அதே ஹார்னஸை, அதே நீளத்தில், அதன் மேல் நேராகக் கிடத்துங்கள். மிஞ்சும் வயரைச் சுருட்டிக் கட்டிவிடும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும்; சுருள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவைக் காட்டும், இன்று எடுத்த அளவை நாளை எடுத்ததோடு ஒப்பிடவே முடியாது.

மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து, எல்.ஐ.எஸ்.என். என்று ஆய்வகத்தார் அழைக்கும் செயற்கை மின்வலைப் பெட்டி வழியாகக் கொடுங்கள்; வண்டியின் மின்வழியைப் போல நடந்து, இரைச்சலை அளக்க ஒரு முனை தரும் பெட்டி அது. வண்டிக் கருவிகளுக்கு 5 மைக்ரோஹென்றி, 50 ஓம் வகை தேவை. வீட்டு மின்கருவிகளைச் சோதிக்கும் 50 மைக்ரோஹென்றி வகையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கிவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். கருவியின் எர்த் வயர் 200 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாகச் செல்லும் என்றால் பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள் வேண்டும். அதற்குள் உறையிலேயே எர்த் ஆகிவிடும் கருவிக்கு ஒன்று போதும். பேட்டரியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: மேசை மேல் வைக்கும் விலை குறைந்த பவர் சப்ளை தானே ஒரு சுவிட்சிங் கன்வெர்ட்டர் என்பதால், உங்கள் இரைச்சல் எது, அதன் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

இந்த அமைப்பும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றும் இருந்தால், வயர் வழியே கடத்தப்படும் உமிழ்வை ஆய்வகத்தின் அளவுக்கு மிக அருகில் எடுத்துவிடலாம். காற்றில் வீசப்படும் உமிழ்வைத் திறந்த பட்டறையில் நேரடியாக அளக்க இயலாது. ஊரில் உள்ள எல்லா எஃப்.எம். நிலையங்களும் அனலைசர் திரையில் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக மின்னோட்டக் கிளாம்ப் ஒன்றை ஹார்னஸ் முழுவதையும் சுற்றி மாட்டி, காமன்-மோட் மின்னோட்டத்தை அளங்கள். கிளாம்ப்பை வயரின் நெடுகே நகர்த்தி, மிக உயர்ந்த அளவு எங்கே வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை அணைத்த நிலையில் ஒரு முறை, இயக்கிய நிலையில் ஒரு முறை எடுத்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது கட்டாயம். ஆய்வகத்திலும் சுற்றுப்புற இரைச்சல் வரம்பைவிடக் குறைந்தது 6 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்பதே விதி.

பலகையில் எந்த இடம் குற்றவாளி என்று தேட, கோஆக்சியல் கேபிளின் நுனியில் நடுக்கம்பியை ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையமாக வளைத்து உலோகப் பின்னலில் பற்றவைத்தால், கையால் செய்த காந்தப்புல ஆய்வுமுனை கிடைத்துவிடும். வளையத்தின் மேல் காப்பு நாடா சுற்ற மறக்காதீர்கள்; 48 வோல்ட் பலகையில் வெறும் கம்பி உரசினால் அனலைசரின் முகப்பு எரிந்துபோகும்.

பணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. என் மேசையில் இன்றும் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருக்கிறது. அதை நடுத்தர அலைக்குத் திருப்பி, நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஹார்னஸை ஒட்டி மெல்ல நகர்த்தினால், எந்த வயரில் இரைச்சல் அதிகம் என்பதைக் காதே சொல்லிவிடும். சென்னை வானொலியின் நடுத்தர அலை 720 கிலோஹெர்ட்ஸ். 360 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கன்வெர்ட்டரின் இரண்டாவது மடங்கு துல்லியமாக அதன் மேலேயே விழும். 400 கிலோஹெர்ட்ஸில் இயக்கினால் 800, 1,200, 1,600 என்று மூன்று மடங்குகள் நடுத்தர அலைக்குள் விழும். வண்டிகளுக்கான கன்வெர்ட்டர் சில்லுகளில் பல 2.2 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடிப்படை அதிர்வெண்ணே அந்த அலைவரிசையைத் தாண்டி நின்றுவிடுகிறது. ஆனால் வேகம் கூடினால் சுவிட்சிங் இழப்பும் கூடும். 48 வோல்ட்டிலிருந்து பெரிய மின்னோட்டம் எடுக்கும் கருவிக்கு அது எப்போதும் கைகொடுக்காது. அங்கே குறைந்த அதிர்வெண்ணையும் நல்ல உள்ளீட்டு ஃபில்டரையும் தேர்ந்துகொள்வதுதான் நடைமுறை.

அளவு எடுக்கும் ஒவ்வொரு முறையும் மேசையைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஹார்னஸ் கிடந்த விதம், ஃபெரைட் இருந்த இடம், எந்த பலகை, எந்த மென்பொருள் என்பவை படத்தோடு ஒரு நோட்டில் இருந்தால்தான் மூன்று வாரம் கழித்து அந்த அளவுக்குப் பொருள் இருக்கும்.

கேள்வி: முதல் முறையாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதனைக்கு எடுத்துச் செல்லவிருக்கிறோம். கருவியைத் தவிர என்னென்ன கொண்டு போக வேண்டும்? சோதனைத் திட்டம் என்று ஒன்றைக் கேட்கிறார்கள்; அதில் என்ன எழுதுவது? மின் துடிப்புச் சோதனைகளையும் நிலைமின் சோதனையையும் எந்த வரிசையில் வைப்பது? – ஒரு பொறியாளர், மதுரை

பதில்: ஓரகடத்தில் உள்ள உலக வாகன ஆய்வு மையம், தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் ஆகிய இடங்களில் இத்தகைய சோதனைகளுக்கு வசதி இருக்கிறது. எங்கே போனாலும் அங்குள்ளவர்களுக்கு உங்கள் கருவி புதிது. அது என்ன செய்கிறது, எப்போது அது சரியாக இயங்குகிறது என்று கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் இருந்தால்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தாள்தான் சோதனைத் திட்டம். அதை முந்தைய இரவு எழுதுபவர்களைப் பார்த்து நான் உண்மையாகவே வருத்தப்படுகிறேன், ஏனென்றால் சேம்பருக்குள் வீணாகும் மணிகளில் பெரும்பகுதி அந்தத் தாளில் விட்டுப்போன வரிகளால் வீணாகிறது.

முதலில் இயக்க நிலைகளை எழுதுங்கள். உமிழ்வுச் சோதனையில் கருவி மிக அதிக இரைச்சல் எழுப்பும் நிலையில், அதாவது முழுச் சுமையுடன், திரையின் ஒளி முழு அளவில், தகவல் தொடர்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சோதிக்கப்பட வேண்டும். தாங்குதிறன் சோதனையில் அதற்கு மாறாக, எந்த நிலையில் கருவி மிக எளிதில் தடுமாறுமோ அந்த நிலை வேண்டும்; வெப்ப சென்சார் போன்ற சிறிய சமிக்ஞைகளைப் படிக்கும் நிலை, உறக்க நிலை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலை பட்டவுடன் உறக்கத்திலிருந்து தானாக விழித்துக்கொள்ளும் கருவி, நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரியைக் காலியாக்கிவிடும்.

அடுத்ததாக ஒவ்வொரு செயலுக்கும் ஏற்கத்தக்க எல்லையை எண்ணாக எழுதுங்கள். “வேகமானி சரியாகக் காட்ட வேண்டும்” என்று எழுதினால் அது வாதத்துக்கு இடம் கொடுக்கும். “மணிக்கு 60 கிலோமீட்டருக்கான சமிக்ஞை கொடுக்கப்படும்போது காட்சி 58-க்கும் 62-க்கும் இடையே நிற்க வேண்டும், ஒளி கண்ணுக்குத் தெரியும்படி துடிக்கக் கூடாது” என்று எழுதினால் சோதிப்பவருக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே வராது. சோதனையின்போதும் சரியாக இயங்க வேண்டிய செயல் எது, சோதனையின்போது தடுமாறினாலும் முடிந்ததும் தானாக மீள வேண்டியது எது, சாவியை அணைத்துப் போட்டால் மீண்டால் போதும் என்பது எது என்று பிரித்து எழுதுங்கள். பிரேக், திருப்பம், விளக்கு, ஓட்டுநரின் கண்ணைக் குழப்பும் காட்சி ஆகியவற்றோடு தொடர்புள்ள எதையும் முதல் பிரிவைத் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் செல்பேசிக் கோபுரத்தைக் கடக்கும் நொடியில் சாவியை அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

தாங்குதிறன் சோதனையில் அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சற்று நேரம் நிற்பார்கள். உங்கள் கருவி ஐந்து விநாடிக்கு ஒரு முறைதான் அளவைப் புதுப்பிக்கிறது என்றால், ஒவ்வொரு படியிலும் இரண்டு விநாடி நிற்பதில் பயனில்லை. அந்த நேரத்தைத் திட்டத்தில் குறிப்பிடுங்கள், அல்லது சோதனைக்கென்று விரைவாகப் புதுப்பிக்கும் மென்பொருளைத் தயார் செய்யுங்கள். எந்தப் பதிப்பு என்பதைத் தாளில் எழுதி, அதன் பிறகு அதைத் தொடாதீர்கள்.

கருவியைக் கண்காணிக்கும் வழியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சேம்பருக்குள் மடிக்கணினியை வைத்து யு.எஸ்.பி. கேபிளை இழுத்தால், அந்தக் கேபிள் இரைச்சலை வெளியிடும் இன்னொரு ஆன்டெனாவாகிவிடும். வெளியிலிருந்து வரும் அலையும் அதன் வழியே கருவிக்குள் நுழையும். ஒரு முறை மூன்று மணி நேரம் நாங்கள் துரத்திய ஓர் இரைச்சல், உடன் வந்த இளைஞர் சேம்பருக்குள் விட்டுவந்த மடிக்கணினி சார்ஜரிலிருந்து வந்ததாக முடிந்தது. வண்டிக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் தொடர்பை ஒளியிழை மாற்றி வழியாக வெளியே எடுங்கள். திரை இருந்தால் ஆய்வகத்தின் கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும்.

சுமைப் பெட்டியையும் நீங்களே செய்து எடுத்துச் செல்ல வேண்டும். வண்டியில் கருவி இயக்கும் உண்மையான ரிலே, மோட்டார், விளக்கு ஆகியவற்றையோ அவற்றின் மின்தன்மையை ஒத்த சுமைகளையோ ஓர் உலோகப் பெட்டியில் பொருத்தி, வரும் வயர் ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். சென்சார்களுக்குப் பதிலாக வெறும் மின்தடை வைத்தால் போதும் என்று எண்ணுவது ஆபத்தானது. ஹார்னஸில் மின்னோட்டத்தைத் திணிக்கும் சோதனையில், அதாவது கனெக்டரிலிருந்து 150, 450, 750 மில்லிமீட்டர் தொலைவுகளில் கிளாம்ப் மாட்டி 1 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை மின்னோட்டம் ஏற்றும் சோதனையில், வயரின் மறுமுனையில் இருப்பதன் மின்தன்மைக்கு ஏற்பவே முடிவு மாறும்.

மாதிரிகள் குறைந்தது மூன்று எடுத்துச் செல்லுங்கள். உமிழ்வு, தாங்குதிறன் இரண்டையும் ஒரு மாதிரியில் முடித்துவிட்டு, மின் துடிப்புகளையும் நிலைமின் பொறியையும் (உடலில் சேர்ந்த மின்னூட்டம் தொட்டவுடன் பாய்வது) வேறொரு மாதிரியில் செய்வது என் வழக்கம். மூன்றாவதைத் தொடாமல் ஒப்பிடுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். துடிப்புச் சோதனை முடிந்த மாதிரி இயங்குகிறது என்பதோடு திருப்தி அடையாமல், அதன் உமிழ்வை மறுபடி ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஃபில்டரில் உள்ள ஒரு செராமிக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் கருவி வழக்கம்போல் ஓடும், இரைச்சல் மட்டும் ஏறியிருக்கும்.

துடிப்புகளில் எது உங்கள் கருவிக்குப் பொருந்தும் என்பதை வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை கழன்றுவிட்டால் 12 வோல்ட் வண்டியில் 79 முதல் 101 வோல்ட் வரை, 400 மில்லி விநாடி வரை நீளும் ஓர் எழுச்சி வரலாம் என்பது ஐ.எஸ்.ஓ. 16750 தரநிலையின் இரண்டாம் பகுதி கொள்ளும் கணக்கு. ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அதை வெட்டும் டயோடுகள் இருந்தால் 35 வோல்ட் அளவோடு நின்றுவிடும். எந்த வகை என்று வண்டி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் போடும் எழுச்சி தடுக்கும் டயோடின் அளவும் விலையும் அதைப் பொறுத்தே அமையும். ஆல்டர்னேட்டரே இல்லாத மின் ஸ்கூட்டரில் இந்த எழுச்சி இல்லை. ஆனால் அங்கே ஹார்ன் இருக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுருளின் மின்னோட்டத்தை வெட்டி ஒட்டும் பழைய வகை ஹார்ன், ஒவ்வொரு வெட்டிலும் மின்வழியில் ஒரு கூர்முனையை ஏற்றிவிடும். ஹார்னை அழுத்தினால் வேகமானி மறுதொடக்கம் ஆகிறது என்ற புகாரை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கேட்டிருக்கிறேன். பட்டறையிலேயே ஒரு ஹார்னை அதே மின்வழியில் இணைத்து நூறு முறை அழுத்திப் பார்க்க எந்த ஆய்வகமும் தேவையில்லை.

நிலைமின் சோதனையில் மனிதக் கை படக்கூடிய எல்லா இடங்களையும் வரைபடத்தில் எண்ணிட்டுக் கொடுங்கள். பொத்தான்களின் இடுக்கு, திரையின் விளிம்பு, யு.எஸ்.பி. துளை ஆகியவை முக்கியமானவை. 15 கிலோவோல்ட் பொறி காற்றின் வழியே பாயும்போது, பொத்தானுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியைத் தேடிப் போய்ப் பலகையின் விளிம்பைத் தொடும். இருட்டறையில் அதைப் பார்த்தால் நீல நூல் ஒன்று இடுக்குக்குள் நுழைவது தெளிவாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் கருவி மேசைச் சோதனையில் நல்ல இடைவெளியோடு தேறியது. ஆனால் அதையே பொருத்திய வண்டி, முழு வாகனச் சோதனையில் தோற்றுவிட்டது. ஆய்வகத்தின் பிழையா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: ஆய்வகத்தைச் சந்தேகிப்பதற்கு முன் வண்டியின் வயர்ப் பாதையைப் பாருங்கள். மேசையில் உங்கள் ஹார்னஸ் உலோகத் தகட்டுக்கு 50 மில்லிமீட்டர் மேலே, நேராக, தனியாகக் கிடந்தது. வண்டியில் அதே வயர் பிளாஸ்டிக் பேனலின் அடியில், உலோகச் சட்டத்திலிருந்து ஓர் அடி விலகி, மோட்டார் கன்ட்ரோலரின் மூன்று தடித்த வயர்களோடு ஒரே டையில் கட்டப்பட்டிருக்கலாம். சட்டத்திலிருந்து விலகும் தூரம் கூடக்கூட வயர் மேலும் நல்ல ஆன்டெனாவாக மாறுகிறது. கன்ட்ரோலரின் இரைச்சல் உங்கள் வயரில் ஏறி, உங்கள் கருவியின் பெயரில் வெளியேறவும் வாய்ப்பு உண்டு.

முழு வாகனச் சோதனையில் ஆன்டெனா 10 மீட்டர் அல்லது 3 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 30 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கிறார்கள். அந்தத் தொலைவிலிருந்து பார்க்கும்போது வண்டி முழுவதும் ஒரே மூலம்தான். ஆகவே கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளவு எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கருவியைக் கழற்றியும் இரைச்சல் இறங்கவில்லை என்றால், வேறிடத்தில் தேட வேண்டும். கழற்றியதும் இறங்குகிறது என்றால், கருவியை மீண்டும் மாட்டிவிட்டு, வயரை மட்டும் சட்டத்தை ஒட்டிச் செல்லும்படி தற்காலிகமாக நாடாவால் ஒட்டி மறுபடி அளங்கள். இந்த ஒரே மாற்றத்தில் கணிசமாக இறங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கவசக் கேபிள் பயன்படுத்தியிருந்தால் அதன் பின்னலை எர்த்தோடு எப்படி இணைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பின்னலை முறுக்கி வால்போல் ஒரு நீண்ட வயராக்கி, தொலைவில் உள்ள ஒரு திருகில் கட்டியிருந்தால், உயர் அதிர்வெண்ணில் அந்தக் கவசத்தின் பயன் பெரிதும் போய்விடும். பின்னல் கனெக்டரின் உலோக உறையைச் சுற்றி முழுவதும் தொட வேண்டும். பிறகு வண்டியின் எர்த் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியில் வர்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். மில்லிஓம் அளவைக் காட்டும் மீட்டர் கொண்டு சட்டத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து, எண்களை எழுதிக்கொண்டு வண்டி நிறுவனத்தின் வயரிங் பிரிவினரோடு உட்காருங்கள். கருவி செய்தவரும் வயர்ப் பாதை வரைந்தவரும் ஒரே மேசையில் அந்த எண்களைப் பார்த்துப் பேசினால், மறுசோதனைக்கு எந்த மாற்றத்தோடு போக வேண்டும் என்பதை ஒரு நாளில் முடிவு செய்துவிடலாம்.